பதினைந்தாம் வளைவு

செவ்வாய்ப்பேட்டை.
கீழே கொலுசுக்குப் பொடிவைத்து ஊதும் பட்டறை,
மேல்மாடியில் நாங்கள்
பொடிவைத்துப் பேசுகிறோம்.
மலை ஓட்டம் முடிந்து எட்டாம் நாள்.
பதினோரு நாற்காலி, ஏழு பேர்,
மிஞ்சிய குளுக்கோஸ் இரண்டு பெட்டி.
பாலீஷ் டிரம் உருளும் இரைச்சலில்
கத்தினால்தான் கேட்கும்;
டீ சொல்வதுகூடச் சண்டை மாதிரி இருக்கும்.

முதல் பொருள் பதக்கம்.
ஐந்நூற்றைம்பதிலும்
ஏற்காடு ‘ஏர்காடு’ ஆகிவிட்டது.
“எப்படி எழுதினாலும்
மேல போனா குளிரத்தானே போகுது”
என்கிறார் பொருளாளர் காளியண்ணன்.
எட்வின் சிரிக்கவில்லை.
அவனுக்கு அது சொந்த ஊர்.

அடுத்து குரங்கு.
ஒன்பதாம் வளைவு மேசையில்
நூற்றிருபது வாழைப்பழம் அடுக்கச் சொன்னது யார்?
நான்தான்.
குறிப்பேட்டில் ‘குழு முடிவு’ என்று எழுதிக்கொண்டேன்.
மேசை தாங்கியது ஆறு நிமிடம்.
தன்னார்வலர்கள் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ள,
முதலில் வந்த ஓட்டக்காரனுக்குத்
தண்ணீர்க் குவளையை நீட்டியது
மனிதக் கையே இல்லை என்று
வெற்றிச்செல்வி சத்தியம் செய்கிறாள்.

கழிப்பறை பற்றி நாற்பது நிமிடம்.
அதை விடுங்கள்.

பிறகு கணக்கு.
அடிவாரத்தில் புறப்பட்டவர்கள் 548.
ஏரிக்கரையில் கோட்டைத் தாண்டியவர்கள் 531.
கடைசி வேன் ஏற்றி வந்தது 16.
டாக்டர் ஃபர்சானா பேனாவை மூடிவைத்தார்.
ஒரு ஆள் குறைகிறது.

எட்டு நாளாகக் குறைகிறது,
இப்போதுதான் கூட்டிப் பார்க்கிறோம்.

எண் 347.
பதினான்காம் வளைவில் பாயை மிதித்தது 8:52.
பதினேழில் பதிவு இல்லை.
நடுவே பதினைந்தில்
கடைசி ஆள் கடக்கும்வரை நிற்க வேண்டியவன்
நான்.
ஒன்பதரைக்குப் பரிசளிப்பு.
விருந்தினருக்கான சால்வை என் பையில்.
எட்டே முக்காலுக்கே
ஆரஞ்சுக் கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிவிட்டேன்.

படிவத்தைத் தேடி எடுத்தோம்.
க. மாதேஸ்வரி. வயது 43. கருப்பூர்.
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில்
தன் எண்ணையே எழுதியிருந்தார்.

ஸ்பீக்கரில் போடு என்றார்கள்.
போடாமல் மாடிப்படிக்கு வந்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஆமாங்க, நான்தான்.
அந்த வளைவுல யாருமே இல்லீங்க.
சரின்னு சுவத்துக்கு அந்தாண்ட
பாறைமேல உக்காந்தேன்.
வேன் போற சத்தம் கேட்டுது. எந்திரிக்கல.
பனி விலகிச்சு பாருங்க,
சேலம் மொத்தமும் கீழ கெடக்கு.
எங்க வீடு எதுன்னு தேடினேன்.
கஞ்சமலைய ஒரு அடையாளம் வச்சு,
காலேஜ் தண்ணித்தொட்டிய ஒண்ணு வச்சு,
கண்டுபிடிக்கவே ரொம்ப நேரமாச்சுங்க.
அப்புறம் எறங்குற பஸ் வந்துச்சு.”

உடம்புக்கு ஏதாவது?
“ஒண்ணுமில்லீங்க.”

எங்கள்மேல் குறை ஏதாவது?
கொஞ்சம் யோசித்தார்.
கீழே ஊதுகுழல் சீறியது.
“நம்பர் அட்டைக்கு நாலு பின் குடுக்கணுமில்ல?
எனக்கு மூணுதான் இருந்துச்சு.
ஒரு மூலை படபடன்னு அடிச்சுக்கிட்டே வந்துச்சுங்க,
மலை பூரா.”

திரும்பி வந்து கதவைத் திறந்து
“உக்காந்துட்டாங்களாம்!” என்று கத்தினேன்.
கரண்ட் போயிருந்தது.
டிரம் நின்றிருந்தது.
தெரு முழுக்க என் குரல் கேட்டிருக்கும்.

முடித்தவர், முடிக்காதவர், நீக்கப்பட்டவர்:
குறிப்பேட்டில் மூன்றே கட்டங்கள்.
347ஐ எதிலும் போடாமல்
ஓரத்தில் எழுதி வைத்தேன்.
கூம்புகளை முன்பே எடுத்தது என்பதற்கு எதிரே
‘குழு மு’ வரை எழுதி அடித்தேன்.
காளியண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றைப் பிரித்தார்.

அடுத்த முறை வாங்க வேண்டியவை:
பின் ஊசி, ஆளுக்கு நான்கு,
எண்ணிப் போட ஒரு ஆள்.